கிழிந்தவை

ஐப்பசி 9, செவ்வாய். ஊட்டியில் விடாத மழை.

சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இன்று எங்கள் நூலகத்தைப் பார்க்க வந்தார். அவர் வருமுன், பழைய ஆங்கில நாவல் அலமாரியில் கிழிந்ததையெல்லாம் கழித்துவிடச் சொன்னார் செகரட்டரி துரை. குமாஸ்தாவுக்கு யோசனை எதற்கு? கழித்தேன்.

கிழிந்தவை எல்லாம் பெண்கள் எழுதியவை. எஸ்டேட் துரைசானிகளும், அவர்களுக்குத் தெரியாமல் துரைமார்களும் கை மாற்றி மாற்றிப் படித்தே நைந்துபோனவை. ஆண்கள் எழுதியவை தோல் அட்டையோடு புதுசாக நின்றன. பலவற்றில், அச்சகத்தில் மடித்தபடியே சேர்ந்து வந்த தாள்களின் மடிப்பைக்கூட யாரும் வெட்டவில்லை. பிரித்தால்தானே படிக்க!

பேராசிரியர் அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் காலத்துப் பெண்கள் எழுதியது ஒன்றும் நிலைக்கவில்லை, பாருங்கள்" என்றார். துரை சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கழித்ததை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஈர விறகு பற்றவில்லை. என் மனைவி தாள்களைக் கிழித்துக் கிழித்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள்.

"ஏனுங்க, சீமையில பொம்பளைங்களும் புஸ்தகம் எழுதுவாங்களாங்க?"

சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பெண்கள் இவளிடம் கதை கேட்க வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இவளாகவே கட்டிச் சொல்லும் கதைகள். ஏற்கெனவே அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

"எங்கேயும் எழுத மாட்டாங்க. நீ அடுப்பைப் பாரு" என்றேன்.

"அதானே" என்று சொல்லி இன்னொரு தாளைக் கிழித்துப் போட்டாள். வெந்நீர் நல்ல சூடாக இருந்தது.