கண்ணாடியில் உன் கை

அன்புள்ள வெர்னன்,

முழங்கால் வலி தேவலையா? உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உன் தங்கை இர்மா இதை உனக்குப் படித்துக் காட்டுவாள்.

ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு, நாம் வருஷாவருஷம் போகும் டிரெய்லர்காரர்கள் கூட்டத்துக்கு, நம் டிரெய்லர் வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டித் தனியாகவே இழுத்துக்கொண்டு போனேன். ரிவர்ஸ் எடுக்கையில் பக்கத்து டிரெய்லர் டுவைட் ஓடி வந்தான்.

"கை காட்ட ஆளில்லையா? வெர்னன் எங்க, பீர் வாங்கப் போயிட்டானா?"

"ஆமா, அங்க பெரிய க்யூவாம்," என்றேன்.

அவன் கை காட்டினான். நான் கண்ணாடியில் உன் கையைத் தேடிக் கம்பத்தில் இடித்துவிட்டேன். பின்விளக்குதான் போச்சு, கவலைப்படாதே.

"போதும், நிறுத்து" என்று கை தூக்குவாயே, அப்படி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

டியூட்டிக்கு நேரமாச்சு. போன வாரம் போனில் கேட்ட மாதிரி, "யாரு அது?" என்று கேட்டாயானால் இர்மா சொல்வாள், உன் பெண்டாட்டி என்று.

லொரெய்ன்