விளம்பரத்தைக் கேட்டுத் திறந்த நோன்பு

கற்பிட்டி,
பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள்.

அன்பு மகன் றிப்னாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி அஸ்ரியாவும் நலமாக இருக்கிறோம், கத்தாரின் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்பதுதான் ஐந்து நேரத் தொழுகையிலும் என் துஆ. போனில் பேசலாமே, ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு முறை ஓம் உம்மா, ஓம் உம்மா என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுகிறாய். இதை ஓம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. உன்னோடு வேலை செய்கிற அக்மல் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். வாப்பாவின் வெங்காயம் இந்த முறை நன்றாக விளைந்தது, முழங்கால்தான் குனிய விடவில்லை. அஸ்ரியாவுக்கு ஆலங்குடாப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. நல்ல செய்திகள் இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன வருஷம் லீவில் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போன டீவியைப் பற்றித்தான். நோன்பு பத்தொன்பது அன்று காலையில் நம் தெருப் பள்ளிவாசலின் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது. மாலையில் வாப்பா பள்ளிக்குப் போய்விட்டார், அஸ்ரியா மாமியார் வீட்டில். நோன்பு திறப்பதற்கு மஃரிப் தொழுகையின் பாங்கு கேட்க வேண்டுமே என்று நான் டீவியில் இன்டர்நெட் வழியாக ரேடியோவின் நேரடி ஒலிபரப்பைப் போட்டு, பக்கத்து நாலு வீட்டுக்கும் கேட்கட்டுமென்று சத்தத்தை முழுதாகக் கூட்டி, ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்தேன். குசினியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு நிற்கும்போது பாங்கு கேட்டது. மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அதுதான் என் பிழை, அதை யார் தலையிலும் போட மாட்டேன். ஈச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே மதிலுக்கு மேலால் எட்டி, நான் அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடுகிற உன் கமீலா மாமியை, "கமீலா தாத்தா, பாங்கு செல்லியாச்சி, தொறங்க" என்று நானே கூப்பிட்டும் விட்டேன். இரண்டு வரிக்கு மேல் பாங்கு போகவில்லை. யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டு சர்பத் போத்தலைப் பற்றிப் பாட ஆரம்பித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒலிபரப்பின் நடுவே விளம்பரம். நோன்பு மாதமென்று சர்பத் விற்பதற்குப் பாங்கையே முன்னால் வைத்திருக்கிறார்கள். மஃரிபுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு அப்படியே குந்திவிட்டேன் மகன்.

பதினொரு பேருடைய நோன்பு. வாப்பா மௌலவியிடம் கேட்டு வந்தார், தெரியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை, ஆனால் அந்த ஒரு நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு திரும்பப் பிடித்துக் கழாச் செய்யத்தான் வேண்டும் என்றாராம். மற்றவர்களுக்கு அது ஒரு நாள் பசி. கமீலா மாமிக்கு அப்படியில்லை. போன வருஷம் பித்தப்பை வருத்தத்தில் ஒரு நோன்பும் பிடிக்க முடியாமல் பெருநாளன்று வெளியில் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது உனக்கு நினைவிருக்கும். இந்த வருஷம் டாக்டரிடம் மன்றாடி ஒப்பரேஷனைப் பிந்திப் போட்டு, முப்பதையும் முழுசாகப் பிடித்துவிட்டுத்தான் மேசையில் படுப்பேன் என்று நிய்யத் வைத்துத் தொடங்கியவர். பதினெட்டை ஒரு குறையும் இல்லாமல் முடித்திருந்தார், பத்தொன்பதாவதை நான் கூப்பிட்டு முறித்தேன். மறுநாள் காலையில் நாலு வீட்டுக்கும் நானே நடந்து போய்ப் பிழை என்னுடையது என்று சொன்னேன். மாமி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வாப்பா அந்த டீவியைக் கழற்றிச் சாக்கில் கட்டுங்கள் என்று நின்றார். நான் விடவில்லை. அது என் மகன் வெயிலில் நின்று வாங்கியது, டீவி எங்கேயும் போகாது, போக வேண்டியது விளம்பரம் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் போன் பண்ணினேன், நீ சிரித்தாய், ஸ்கிப் பண்ணுங்களேன் உம்மா என்றாய், வேண்டுமானால் மாதாமாதம் காசு கட்டி விளம்பரம் இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்றாய். என் வீட்டுக்குள் வந்து கத்துகிறவனுக்குக் கத்தாமல் இருப்பதற்கு நாம் கூலி கொடுப்பதா? அதோடு அந்தக் காசு ஒரு இடத்து விளம்பரத்தைத்தான் நிறுத்தும், டீவியைப் போட்டவுடனே முன்பக்கத்தில் வந்து குதிக்கிறதை யார் நிறுத்துவது?

அதனால் நானே ரிமோட்டை எடுத்தேன். முதலில் பாஷையைத் தமிழாக்கினேன், அதிலிருந்த தமிழில் பாதி எனக்கு விளங்கவில்லை என்பது வேறு கதை. தேடித் தேடிப் போய்த் தனியுரிமை என்ற பக்கத்தைப் பிடித்தேன். மகன், எட்டு உடன்படிக்கை இருந்தது, எட்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தியிருந்தது. நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று அந்த டீவி குறித்துக்கொள்ளுமாம், குறித்ததை வைத்து விளம்பரம் அனுப்புமாம். பெண்கள் இருக்கிற வீட்டில் வெளியாள் ஜன்னலால் எட்டிப் பார்த்தால் நீ சும்மா இருப்பாயா? அவசரத்தில் வாசிக்காமல் ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டே போயிருக்கிறாய். அவசியமான இரண்டை விட்டு மற்ற ஆறையும் நீக்கினேன். சில சேவைகள் இயங்காமல் போகலாம் என்று பயம் காட்டியது, இயங்காவிட்டால் கிடக்கட்டும் என்று ஆம் என்பதை அழுத்தினேன். போட்டவுடனே அந்த முன்பக்கம் திறக்காமல் அன்டெனா சேனல் வரும்படியும் மாற்றிவிட்டேன். மூன்று நாள் எடுத்தது. இப்போது முன்பக்கத்தில் தொல்லை இல்லை. வீடியோவுக்கு நடுவில் வருகிறது இன்னும் வருகிறதுதான், அதை என்னால் முழுதாக நிறுத்த முடியவில்லை. அதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறேன், அஸர் தொழுத பிறகு இஷா முடியும்வரை பிளக்கைக் கழற்றிவிடுவது. வாப்பா செய்திகூடப் பார்க்க முடியவில்லை என்று முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் கமீலா மாமி கழா நோன்பு பிடித்தார். பெருநாளுக்குப் பிறகு விரும்பிப் பிடிக்கிற ஆறு நோன்பை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இது என்று நானும் கூடவே பிடித்தேன். பகலில் இரண்டு தரம் அவருக்கு வயிற்றில் குத்து வந்தது. விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பிடியுங்கள் என்று சொல்லவும் துணிவில்லை. பின்னேரம் கஞ்சியைக் காய்ச்சிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் எதிரில் அமர்ந்தேன். ஸ்பீக்கரைத் திருத்திவிட்டார்கள், பள்ளிப் பாங்கு தெளிவாகக் கேட்டது. மாமி ஈச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிக்கை இல்லாமல் பார்க்கிறார் என்று நினைத்தேன். மாமியோ, "நீ செல்லு மர்ளியா. அண்டைக்கும் நீ செல்லித்தானே தொறந்தன், இண்டைக்கும் நீ செல்லித்தான் தொறப்பன்" என்றார். தொறங்க தாத்தா என்று சொல்வதற்குள் நான் அழுதுவிட்டேன். அவர் பழத்தைப் பிட்டுப் பாதியை எனக்குத் தந்தார்.

மகன், அல்லாஹ் உன் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் உழைப்பில் பரக்கத்தையும் தரட்டும். உச்சி வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, தண்ணீரைப் போத்தலோடு வைத்துக்கொள். அடுத்த லீவில் வந்தால் ரிமோட்டைத் தொடுவதற்கு முன் என்னிடம் கேள். கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதே. வருகிற செவ்வாய் மாமிக்கு ஒப்பரேஷன். திங்கட்கிழமை இரவுக்குள் நீ அவருக்குப் போன் பண்ணி, மன்னித்துவிடுங்கள் என்று மஆப் கேட்க வேண்டும். சத்தத்தைக் கூட்டியது நான், வாசிக்காமல் அழுத்தியது நீ. அதெல்லாம் வேண்டாம் மகன் என்று அவர் சொல்லுவார். சொன்னாலும் கேள்.

உன் உம்மா,
மர்ளியா