மூச்சை அடக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்

மார்ச் 4, திங்கள்

எங்கள் இயந்திரக் கை இன்றும் குறி தவறவில்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்து, கல்லீரல் கட்டிக்குள் தானே ஊசி செலுத்திச் சதைத்துணுக்கு எடுப்பது அதன் வேலை. இப்போதைக்குக் கல்லீரலுக்குப் பதில் ஜெலட்டின் பொம்மை. கட்டிக்குப் பதில் அதனுள் புதைத்த ரப்பர் மணி. பொம்மை மிகவும் கண்ணியமானது. அசையாது, அஞ்சாது, "வலிக்குமா?" என்று கேட்காது. எனக்கு வாய்த்த சகாக்களில் முதலிடம் அதற்கே.

மார்ச் 7, வியாழன்

இயக்குநர் அழைத்தார். மே மாத மாநாட்டுக்கு முன் முதல் நோயாளியாம். "உலகமே நம்மளத் திரும்பிப் பாக்கணும் சார்." உலகத்துக்கு வேறு வேலை இல்லை. ஆய்வுத் தலைவன் என்ற முறையில் பாதுகாப்புச் சான்றில் நான் கையொப்பமிட வேண்டும். இட்டால், தொடங்கவிருக்கும் புதிய துறைக்கு நானே தலைவர் என்று தலையில் ஐஸ் வைத்தார். குளிர்ந்தது, மறுப்பதற்கில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அறுவை மருத்துவர் அம்மையார் வந்தார். முதலில் படுக்கப் போவது அவருடைய நோயாளிதான். பொம்மையை விரலால் குத்திப் பார்த்தார்.

"இது மூச்சு விடாதே சார்?"

விதி நான்கைக் காட்டினேன். நானே வகுத்தது: ஊசி இறங்கும்போது நோயாளி மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

"விட்டுட்டா?"

"விடக்கூடாது டாக்டர்."

"சரி. அத அவங்க கல்லீரலுக்கு யாரு சொல்றது?"

மருத்துவர்களுக்கு விதிமுறை என்றாலே ஒவ்வாமை.

மார்ச் 13, புதன்

காலைக் காப்பியின்போது இதை மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, ரூல் போட்டவரே ஒருதடவ படுத்துப் பாக்கலாமே?"

நான் ஆய்வாளன், ஆய்வுப்பொருள் அல்லேன் என்று விளக்கினேன்.

"ஆமா, பெரிய இவரு."

மார்ச் 18, திங்கள்

படுத்தேன். ஊசியைக் கழற்றியாயிற்று, அது செல்லும் பாதை மட்டும் திரையில் கோடாகத் தெரியும். கட்டிக்குப் பதில், என் கல்லீரலில் ஒரு ரத்தக்குழாய் கிளை பிரியும் இடம் இலக்கு. அம்மையார் பக்கத்தில் நின்றார். ஒலிபெருக்கி "மூச்சை அடக்கவும்" என்றது. என் குரல்தான்; எவ்வளவு அதிகாரம்! அடக்கினேன். கை என் வயிற்றை நோக்கி இறங்கியது —

முடியல. நான் செஞ்ச கை, அதோட ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும், ஊசிகூட இல்ல — அப்பவும் பயம். மூச்சு தானா வெளிய வந்துடுச்சு. திரையில கல்லீரல் வழுக்கி மேல போயிடுச்சு. கோடு மட்டும் நின்ன இடத்துலயே நின்னுச்சு.

அதன்பின் பச்சை விளக்கு: "இலக்கு எட்டப்பட்டது." முதலில் எடுத்த படத்தோடு மட்டுமே ஒப்பிட்டுத் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும்படி அதைப் பழக்கியிருக்கிறோம். பொம்மையிடம் இது எப்படித் தெரியவரும்?

"வாழ்த்துகள் சார்," என்றார் அம்மையார். "பித்தப்பைய ரொம்பக் கச்சிதமா குத்திட்டீங்க."

மார்ச் 19, செவ்வாய்

கையொப்பமிடவில்லை.

மார்ச் 21, வியாழன்

இயக்குநர்: "ஒரு மூச்சுக்காக மாநாட்டையே விடச் சொல்றீங்களா?"

நான்: "எனக்கே அடக்க முடியல சார். கட்டியோட படுத்திருக்கவங்க எப்படி அடக்குவாங்க?"

"பயிற்சி குடுத்துக்கலாம்."

அதாவது, இயந்திரத்துக்கு நோயாளி ஒத்துழைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விதி நான்கும் அதைத்தானே சொல்கிறது? என் சொந்தக் கருத்தை அடுத்தவர் வாயால் கேட்க நாராசமாக இருந்தது.

மே 24, வெள்ளி

மாநாடு முடிந்ததாம். அம்மையார் தம் நோயாளியைத் தர மறுத்துவிட்டதால் பொம்மையையே மேடையேற்றினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்களாம். புதிய துறைத் தலைவர், எங்கள் ஆய்வுக்கூடத்தில் அனிமேஷன் படங்கள் செய்துகொண்டிருந்த காணொளி மன்னர். தகுதியான தேர்வு, அவருடைய படங்களிலும் யாரும் மூச்சு விடுவதில்லை. எனக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையும் பழைய கையும். சுவருக்கு அப்பால் குளிர்சாதன இயந்திரம் ஓயாமல் உறுமுகிறது. "அமைதியா ஆராய்ச்சி பண்ணலாம் சார்" என்றார் இயக்குநர்.

ஜூன் 3, திங்கள்

விதி நான்கை அடித்துவிட்டேன். இனி மூச்சோடு சேர்ந்து கைதான் நகர வேண்டும். எப்படி என்று தெரியாது.

அக்டோபர் 9, புதன்

மதியம் அம்மையார் படியிறங்கி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்காமலே, ஊசியில்லாத கையின் கீழ் மேசைமேல் ஏறிப் படுத்தார்.

"மூச்ச அடக்கணுமா சார்?"

"வேண்டாம் டாக்டர். தாராளமா விடுங்க."

விட்டார். திரையில் கல்லீரல் ஏறியது. கோடும் சற்றே பின்தங்கி ஏறியது. கல்லீரல் இறங்கியது, கோடும் இறங்கியது. பச்சை விளக்கு எரிந்ததா என்று நான் பார்க்கவில்லை.

"அப்போ பேசலாமா?"

"அதுக்கு இன்னும் ஆறு மாசம் குடுங்க."

சிரித்துவிட்டார். கோடு எங்கோ போய்விட்டது.