அணில் கடித்த கேபிளும் நீ திருப்பச் சொன்ன டிஷ்ஷும்

குன்னம்
11.2.2025

அன்பு மகன் முத்தமிழ்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மணிமொழியும் பாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அப்பாகிட்ட குடும்மா என்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கிருஷ்ணமூர்த்தி அண்ணன் மகன் திங்கட்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், முழுக்கப் படி.

பொங்கல் கழிந்த அடுத்த வாரம் இங்கே இரண்டு நாள் காலம் தப்பிய மழை. மாடியில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தை அள்ளி மூடுவதற்குள் பாதி நனைந்துவிட்டது. மழை விட்ட மறுநாள் டி.வி.யைப் போட்டால் படம் இல்லை, சிக்னல் இல்லை என்கிற எழுத்து மட்டும் நிற்கிறது. நான் பெட்டியை அணைத்துப் போட்டேன், கார்டை எடுத்துத் துடைத்துச் சொருகினேன், பின்பக்கத்துத் திருகை இறுக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் வெளியே போய் ஒயரோடே பார்த்துக்கொண்டு வந்தேன். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு ஓரத்தில் கேபிளின் கறுப்புத் தோல் உரிந்து உள்ளே கம்பி தெரிந்தது. சோளத்துக்கு வருகிற அணில் கடித்த கடி அது. அன்றைக்கு நீ கூப்பிட்டபோது முதல் பேச்சாக இதைத்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா. அதெல்லாம் இல்லம்மா, காத்துல டிஷ் திரும்பியிருக்கும், ஒனக்கு இதெல்லாம் தெரியாது, போன அப்பாகிட்ட குடு என்றாய். கொடுத்தேன். அந்தக் கையை இன்னும் நொந்துகொண்டிருக்கிறேன்.

உங்கப்பாவுக்கு டி.வி. ஓடாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, அவருக்குச் செய்தி கேட்க டீக்கடை இருக்கிறது. நீ சொன்னாய் என்பதற்காக ஏறினார். போன வருஷத்திலிருந்தே அவர் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் ஏறுகிறார், காலும் நடுங்குகிறது, அறுபத்தொன்பது வயதாகிறது. அதை உன்னிடம் சொல்ல அவருக்கு வெட்கம், கேட்க உனக்குத் தோன்றவில்லை. முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் நீ அங்கிருந்து இன்னும் ஒரு விரக்கட கிழக்க, கொஞ்சம் மேல தூக்குங்க என்று சொல்லச் சொல்ல அவர் திருப்பினார், நான் டி.வி. முன்னால் நின்று வரலைங்க வரலைங்க என்று தொண்டை கட்டக் கத்தினேன். மறுநாளும் அதே கூத்து. நடுவில் இரண்டு தடவை, கேபிளைப் பாருங்க என்று கீழேயிருந்து சொன்னேன். சும்மா இரு, தம்பி சொல்றான்ல என்றார்.

பதினோரு மணி இருக்கும். டிஷ் நேராக நிற்கிறதா என்று பார்க்கப் பின்னால் நகர்ந்திருக்கிறார், படிக்கு மேலே சிதறிக் கிடந்த சோளத்தில் கால் வழுக்கி எட்டுப் படி உருண்டு வந்து கீழே விழுந்தார். சத்தம் கேட்டு நான் ஓடுகிறேன், புருவம் கிழிந்து ரத்தம் கொட்டுகிறது, இடது கை முழங்கைக்குக் கீழே கோணிக்கொண்டு கிடக்கிறது. போன் ஒரு படியில் தெறித்துக் கிடந்தது. அதிலிருந்து உன் குரல் வருகிறது, அப்பா இப்ப சிக்னல் எத்தன பர்சன்ட் காட்டுதுன்னு அம்மாவ கேளுங்க என்று. முத்தமிழ், அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. நான்தான் போனை அணைத்தேன். ராத்திரி நீ மறுபடி கூப்பிட்டபோது உங்கப்பா கையில் மாவுக்கட்டோடு அரியலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார், டவர் இல்லாம கட்டாயிடுச்சு தம்பி என்று உன்னிடம் சொன்னார். புருவத்தில் நாலு தையல். எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. தம்பிகிட்ட மூச்சு விடாத, அவன் மனசு ஒடஞ்சிடுவான் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன். உன் மனசு கொஞ்சம் உடையட்டும்.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த நாலாம் நாள், அங்கமுத்து மகள் சத்யாவை வரச் சொன்னேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் கடைவீதியில் டிஷ் மாட்டுகிற கடை வைத்திருக்கிறார்கள். வந்தவள் மாடிக்கு ஏறுவதற்கு முன்னால் ஒயரைத்தான் பார்த்தாள். அத்தை, இது அணில் கடிச்சு உள்ள தண்ணி எறங்கியிருக்கு, டிஷ்ஷுல ஒண்ணுமே இல்ல, யாரு இத இப்புடி திருப்பி வச்சது என்று கேட்டாள். கேபிளை வெட்டிப் புதுசாக இணைக்கப் பத்து நிமிஷம். நீ திருப்பச் சொன்னதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம். உள்ளே கட்டிலில் படுத்திருந்த உங்கப்பா அவள் சொன்னது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

எனக்குத் தெரியாது என்று எதை வைத்துச் சொன்னாய். கொல்லையில் போர் மோட்டார் நின்றுபோனால் இருபது வருஷமாக ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்க்கிறவள் நான். உங்கப்பா வெளியூரில் வேலைக்கு இருந்த காலத்தில் இந்த வீட்டில் எரியாத விளக்கை எல்லாம் எரிய வைத்தது யார். நீ அப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தவன்தானே. படித்தாய், வெளிநாடு போனாய், சந்தோஷம், அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே கண்ணால் பார்த்தவள் சொல்வதைக் கேட்கக்கூடாது என்று எந்தப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். கோபம் உன் மேல் மட்டும் இல்லை, சும்மா இரு என்றாரே அவர் மேலும்தான், ஆனால் கட்டுப் போட்ட மனுஷரிடம் என்னத்தைச் சொல்ல. சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அந்தக் கை வலியை, நம் கொல்லையில் பருத்தி எடுக்க வருகிற கொளஞ்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பருத்திக் கணக்குச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மறந்து இருக்கிறார். மாட்டையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டர், பிரித்தாலும் பழையபடி மண்வெட்டி பிடிக்க முடியுமா என்று கேட்டதற்கு, அப்போது பார்க்கலாம் என்று மாத்திரைச் சீட்டை நீட்டினார். உடனே லீவு போட்டு ஓடி வா என்று நான் எழுதவில்லை. வந்து நின்று அழுதால் அவருக்கு இன்னும் கஷ்டம். சித்திரையில் வருகிறேன் என்றாயே, அப்போது வா, பாப்பாவையும் கூட்டி வா.

பாப்பாவுக்கு ஏ.சி. காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள். மணிமொழியை வேளைக்குச் சாப்பிடச் சொல். குலசாமி உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும், நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது உங்கப்பா எப்போதும்போல் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். இரண்டு வாரத்துக்கு மேலாக முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைக் கிட்டத்தில் பிடித்து உன்னை ஏமாற்றியது நான்தான். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, போனைத் தள்ளிப் பிடிப்பேன். கையைப் பார்த்துவிட்டு, கால் நடுங்குதாப்பா என்று நீயே கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அ. கமலவேணி