பாடியவர்: தெரியவில்லை

என் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, உன் தம்பி, நான், மூவருமே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது கொஞ்சம் தேவலை, லிஃப்டைப் பழுதுபார்க்கக் கூப்பிடுகிற இடத்தில் லிஃப்ட் ஓடாதே, அதனால் ஏழு மாடியும் ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். தம்பி பரீட்சையில் தேறிவிட்டான், கணக்கில் எத்தனை என்று மட்டும் அவனைக் கேட்காதே. குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டோம், இனி நீ வந்தால் வாளி வைக்க வேண்டாம். போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று யோசிப்பாய். போன் என்றால் நீ பேசிப் பேசியே என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், மெசேஜ் என்றால் ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இதை நீ குறுக்கே பேசாமல் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

என் வேலை உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் அதிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அரை நிமிடத் துண்டுகளாக வருகிற பாட்டுகளைக் கேட்டு, திரையில் உள்ள கட்டங்களை நிரப்ப வேண்டும், என்ன வகை, என்ன மனநிலை, ஆணா பெண்ணா, குரலுக்கு எத்தனை வயதிருக்கும். ஒரு நாளைக்கு இருநூறு துண்டு. எந்த ஊரில் வெளிவந்தாலும் தமிழ்ப் பாட்டெல்லாம் தமிழ் தெரிந்த எங்கள் மூன்று பேருக்குத்தான் பிரிந்து வரும். சேர்ந்த புதிதில் அந்த வகைப் பட்டியலைப் பார்த்துப் பயந்துபோனேன், அறுபது ஆங்கிலச் சொற்கள், பாப் தெரியும், ராக் தெரியும், மற்றதெல்லாம் மருந்துக்கடைப் பெயர்கள் மாதிரி இருந்தன. நீதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாய். ப்ளூஸ்னா புலம்பல்மா, ஆனா தாளம் தப்பாத புலம்பல் என்றாய். ஜாஸ்னா வீட்டுக்கு வழி தெரிஞ்சும் சுத்திக்கிட்டுப் போறது என்றாய். ஹெவி மெட்டலைக் கேட்டுவிட்டு, என்னடி இது, பாத்திரக்கடைக்குள்ள யாரோ சண்டை போடுற மாதிரி இருக்கு என்றேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். லோ-ஃபைனா கரகரப்பைத் துடைக்காம அப்படியே விட்டுடறது, ஆம்பியன்ட்னா பாட்டு அது பாட்டுக்கு ரூம்ல இருக்கும், நம்மகிட்ட எதுவும் கேக்காது, உன்னை மாதிரிம்மா என்றாய். ஃபோக்குக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாய். யாரு போட்டாங்கன்னே தெரியாது, எல்லாருக்கும் சொந்தம், அதான் ஃபோக் என்றாய். எல்லாவற்றையும் நீ சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரி அதை எடுத்துப் படித்துவிட்டு, அக்கா, உங்க பொண்ணு பாடப் போனதுக்கு டீச்சரா போயிருக்கலாம் என்பாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

போன செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம், ஒரு துண்டு வந்தது. அடியில் ஏதோ நரம்பு வாத்தியம் மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தது, மேலே சொல் தெளியாமல் மங்கலாக ஒரு பெண் குரல், பின்னால் டக் டக் டக் என்று மூன்று தட்டு, பிறகு ஒரு நிறுத்தம், மறுபடியும் மூன்று தட்டு. நான் வழக்கம்போல மளமளவென்று நிரப்பினேன். வகை, ஃபோக். துணை வகை, ஆம்பியன்ட். மனநிலை, துயரம். குரலின் வயது என்ற இடத்தில் அறுபதுக்கு மேல் என்று தேர்ந்தெடுத்தேன். நானேதான், பாப்பா. முகத்தையாவது தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறோம், குரலை நமக்கு யார் காட்டுகிறார்கள்? அனுப்பு என்ற பொத்தானை அழுத்தப் போன நேரத்தில்தான் அந்தத் தட்டு எனக்குப் பிடிபட்டது. நம் வாஷிங் மெஷினின் உடைந்த கால். அடியில் மடித்து வைத்திருக்கும் அட்டை நழுவிவிட்டால் மூன்று முறை தட்டிவிட்டு ஒரு முறை மூச்சு வாங்கும். அப்போதும் நம்ப மனசில்லாமல் மறுபடி ஓடவிட்டேன். முடிவில் எங்கோ தூரத்தில் ஓர் ஆண் குரல், என் நீலச் சட்டைய எங்க வச்ச என்கிறது. பாடிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, இதோ வர்றேன் என்கிறாள். விவரப் பக்கத்தைத் திறந்தேன். உன் ஆல்பம். மேலே உன் பெயர் பெரிதாக இருந்தது, அதைப் பார்த்து ஒரு நொடி பூரித்துப்போனேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கீழே, மரபுப் பாடல். இயற்றியவர், தெரியவில்லை. பாடியவர், தெரியவில்லை. வயதான ஒரு பெண்மணி வீட்டு வேலை செய்துகொண்டே பாடியபோது நேரில் பதிவு செய்தது. எனக்கு இன்னும் நாற்பத்துமூன்று முடியவில்லை.

அந்தப் பாட்டு எந்த மரபில் வந்தது என்று உனக்கா தெரியாது? உனக்கு நாலு வயது அப்போது. மெஷின் தட்ட ஆரம்பித்ததும், உள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்க, கதவைத் தட்டுறாங்க, திறந்து விடும்மா என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுவாய். உன் பயம் தெளியட்டும் என்றுதான் அந்தத் தட்டையே தாளமாக வைத்துக்கொண்டு, அப்பா சட்டை கை நீட்டுது, பாப்பா கவுனு பிடிச்சுக்குது என்று பாடினேன். இரண்டே கண்ணி. பிறகு துணி போடுகிற நாளெல்லாம் நீ ஆடிக்கொண்டு வந்து நிற்பாய். மூன்றாவது கண்ணி பின்னால் வந்தது. எப்போது வந்தது, ஏன் வந்தது என்று இந்தக் கடிதத்தில் சொல்ல மாட்டேன். அம்மா துணி அடியில கிடக்கு, யாரும் அதைத் தேடல. அதை உன் முன்னால் ஒருநாளும் பாடியதில்லை, எவர் முன்னாலும் பாடியதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு, மெஷின் ஓடும்போது மட்டும், அந்தச் சத்தத்தைத் தாண்டி வெளியே போகாது என்று நம்பிப் பாடுவேன். போன வருஷம் நீ வந்திருந்தபோது கடைக்குப் போயிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாய். உன் ஆல்பத்தில் முதல் இரண்டு கண்ணிகள் இல்லவே இல்லை. அந்த மூன்றாவதுதான் இருக்கிறது.

எடுத்துக்கொண்டாய் என்று சண்டைக்கு வரவில்லை, என்னிடம் இருப்பதெல்லாம் யாருக்கு? நீ கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், மறுநாள் நானே சரி என்றும் சொல்லியிருப்பேன், என்னை உனக்குத் தெரியும். எனக்கு ஆறாதது வேறு. உன் அம்மா உள்ளே அப்படிப் பாடுவதைக் கேட்டதும் உன் கை போனைத் தேடியிருக்கிறது, கதவின் பிடியைத் தேடவில்லை. திறந்து உள்ளே வந்து, ஏம்மா இப்படிப் பாடற என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உள்ளே யாரோ தட்டுகிறார்கள், திறந்து விடு என்று அழுத பிள்ளை நீதானே. அன்று சாயங்காலம் எதுவுமே காதில் விழாதவள் மாதிரி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், எனக்குத் தலை வாரிவிட்டாய், முடி கொட்டுதும்மா, பாத்துக்கோ என்றாய். அந்தக் கையை இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது. நீ என்ன சொல்வாய் என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன். உனக்கு நாலு பேருக்குத் தெரியறது பிடிக்காதேம்மா, அதனாலதான் பேர் போடல என்பாய். பெயரைப் போடாமல் விடுவது ஒன்று, பாப்பா, தெரியாது என்று எழுதுவது வேறொன்று. முதலாவதற்கு நான் உன் தலையைத் தடவிக்கொடுத்திருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பாட்டு அழகாக இருக்கிறது. அந்த வாத்தியத்தை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருக்கிறாய். நன்றாக இல்லாமல் போயிருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அட, நான்தானே கத்துறேன், எனக்கும் ஒரு பேர் போடச் சொல்லு என்று குதித்தார், தம்பியைக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேட்கவைத்தார். பாட்டு என்ன சொல்கிறது என்று அவர் காதில் ஏறவில்லை, ஏறாமல் போனதே நல்லது. பிறகு கொஞ்சம் நிதானமாகி, உன்கிட்ட கேட்டுத்தானே எடுத்தா என்றார். ஆமாம், கேட்டுத்தான் எடுத்தா என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது, சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் நிறுத்தி வை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கட்டங்களில் நான் நிரப்பியதை எல்லாம் அழித்துவிட்டு அதை அழுத்தியிருக்கிறேன். ஒரு மாதம் வரைக்கும் துண்டு என் வரிசையிலேயே கிடக்கும், அதற்குமேல் கண்ணாடிக்காரியிடம் போய்விடும். அவள் கெட்டிக்காரி, ஒரே நொடியில் ஃபோக் என்று போட்டு அனுப்பிவிடுவாள், நோட்டில் இருக்கும் உன் பாடத்தின்படி அது சரியாகவும் இருக்கும். நான் உன்னிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பாட்டை எடுத்துவிட்டாலும் சரி, என் பெயரைப் போட்டாலும் சரி, இரண்டும் முடியாது என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டாலும் சரி. தெரியவில்லை என்ற சொல்லும், அந்த வயதான பெண்மணியும் மட்டும் அங்கே இருக்கக் கூடாது. இதற்காக ஆல்பத்துக்கு ஒப்பந்தம் போட்டவர்களோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கும் என்று தெரியும். சண்டை பிடி. எனக்காக நீ யாரோடும் சண்டை பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

தொண்டையைப் பார்த்துக்கொள், வெந்நீர் குடி, பாடுகிற நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. தம்பிக்கு ஒரு போன் போடு, அக்கா மறந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கோபமாக எழுதினேன் என்பதால் நான் உன்னை வாழ்த்தாமல் இருப்பேனா, நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்து, நூறு மேடை ஏறி, குரல் குன்றாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். மெஷினின் காலுக்குப் புது அட்டை வைத்துவிட்டேன், இப்போது தட்டுவதில்லை. கடிதம் வந்து சேர ஒன்பது நாளாகும், நிறுத்தி வைத்த ஒரு மாதத்தில் ஏழு நாள் ஏற்கெனவே போய்விட்டது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா.
பெயர் உனக்குத் தெரியும்.