வரிவரியாக வந்த படம்

அம்மாவுக்கு,

வணங்கித் தொடங்குகிறேன். எனக்குச் சளிகூட இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எங்கள் குழுத்தலைவர், அதுதான் அந்த மேதாவி, போட்டோக்களுக்காக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். ஒரு போட்டோ என்பது லட்சக்கணக்கான வண்ணப் புள்ளிகள். அவை கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரே இடத்தில் கிடக்கின்றன. மொத்தமாக அள்ளி வரலாம். இவரோ ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகப் போய்க் கேட்கிறார். ஒரு மூட்டை அரிசிக்கு, அரிசி அரிசியாகக் கடைக்கு நடப்பவரைப் பார்த்திருக்கிறாயா? நான் தினமும் பார்க்கிறேன். அவருக்குத் தனி அறை வேறு.

“மொத்தமா எடுத்தா ஒரு நொடிதான் சார்” என்றேன்.

“அவசரப்படாதம்மா. நிதானமா வந்தாத்தான் தரமா இருக்கும்.”

படம் என்ன கஷாயமா, சுண்டக் காய்ச்ச?

அந்த அழகைச் சோதிக்க, போன வாரம் நீ அனுப்பிய போட்டோவைக் கொடுத்தேன். திரையில் மேலிருந்து வரிவரியாக வந்தது. உன் நெற்றி வரவே பத்து நிமிடம். நிறுத்தியிருக்கலாம். சாப்பிடக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கண், மூக்குத்தி, கழுத்து. கடைசியில் உன் வலது கை. மணிக்கட்டில் கட்டு.

இதே படத்தைப் போனில் ஒரு நொடி பார்த்துவிட்டு, “அழகா இருக்கேம்மா” என்று பதில் போட்ட மேதாவி நான்.

போர்வை கேட்டிருந்தேனே, வேண்டாம். அந்தக் கையோடு பார்சல் கட்டாதே. பதிலும் எழுதாதே, போன் செய். ‘ஒண்ணுமில்ல’ என்று மட்டும் சொல்லாதே.

குழுத்தலைவர் வருகிறார், முடிக்கிறேன்.

உன் மகள்