நாற்பத்தாறு ஓட்ஸ் மூட்டைகள்

லூயிஸ்டவுன், மொன்டானா
மே 19

அன்புள்ள ஓபலுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. குதிரைகளை விற்றுவிட்டு இலகு ரக பிக்கப் வண்டியையே வாங்கிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறாய். அதில் உனக்கு வருத்தமில்லை என்று மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறாய். முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் விடைத்தாள் திருத்தியவள் நான். ஒரே விடையை மூன்று முறை எழுதுபவருக்கு அந்த விடையில் நம்பிக்கை இல்லை என்பதை அறிவேன்.

இங்கே எல்லாரும் நலம், நம் பழைய பிக்கப்பைத் தவிர. அது முப்பத்தோராம் வயதில் தபால் நிலையத்துக்கு எதிரே உயிரை விட்டது. அன்றிலிருந்து என்ன வண்டி வாங்குவது என்பதில் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. உன் மகன் கர்ட் ஃபீனிக்ஸிலிருந்து தொலைபேசியில் தன் கருத்தையும் சொன்னான். "பெரியம்மா, கடைக்குப் போக வர சின்ன வண்டி போதாதா? அம்மா இனிமே இங்கதான். ஏசி இருக்கு, நீச்சல் குளம் இருக்கு, வேற என்ன வேணும்?" என்றான். நல்ல பையன். நல்ல பையன்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

இலகு ரகம் வாங்கினால் நம் குதிரைகள் பிஷப்பும் டீக்கனும் போக வேண்டியதுதான். ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்ல வண்டி இல்லாமல் தலைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டுள்ள இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவை போய்விட்டால் நீ திரும்பி வருவதற்கு இங்கே காரணம் எதுவும் மிஞ்சாது. நான் இருக்கிறேன்தான். ஆனால் அதை ஒரு காரணமாக இதுவரை யாரும் கொண்டதில்லை.

இருந்தாலும் இரண்டு வாரம் முடிவெடுக்க முடியாமல் தவித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலகு ரகத்தை ஓட்டிப் பார்த்தேன். சோபாவில் அமர்ந்தபடியே ஊர்வலம் போவதுபோல் இருந்தது. அடுத்துக் கனரக பிக்கப். நம் சரளைக்கல் சாலையில் அது போட்ட ஆட்டத்தில் என் பற்கள் எனக்குச் சொந்தமானவைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஏறும் படியோ தரையிலிருந்து இரண்டடி உயரம். அறுவை சிகிச்சையில் உனக்கு வைத்த புதிய இடுப்பெலும்பை நினைத்துக்கொண்டேன்.

வண்டி விற்பவன் டாரலை உனக்கு நினைவிருக்கும். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவன். "டீச்சர், இந்தச் சின்ன வண்டியே பதினோராயிரம் பவுண்டு இழுக்கும். புத்தகத்துல போட்டிருக்கான் பாருங்க" என்றான். குதிரைகள், ட்ரெய்லர், சேணம், வைக்கோல் எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்து ஐந்நூறுதான். இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டு வண்டி வாங்கியவர்கள். நான் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் படித்தேன். வண்டி தன் மேல் சுமக்கக்கூடியது ஆயிரத்து ஐந்நூற்று அறுபது பவுண்டு என்றது அது. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. நம் ட்ரெய்லரின் நீண்ட கழுத்து பிக்கப் தொட்டியின் நடுவில் வந்து அமர்வது. மொத்த எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வண்டியின் முதுகில் இறங்கிவிடும். பக்கத்துப் பண்ணை ஹார்லனின் வண்டியில் பூட்டி, தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். வண்டியின் முதுகில் இறங்கியது இரண்டாயிரத்து முந்நூறு. ஓட்டுநர் ஏறாவிட்டாலும் கணக்கு இடிக்கிறது.

டாரல் நம்பவில்லை. ஆகவே சனிக்கிழமை காலை, தீவனக் கடை வாசலில், ஐம்பது பவுண்டு ஓட்ஸ் மூட்டைகளை அந்த இலகு ரகத்தில் ஏற்றச் சொன்னேன். நானும் நாயும் முன்னிருக்கையில் அமர்ந்தோம், நாங்களும் எடைதானே. காபிக் கடையே காலியாகி வெளியே வந்துவிட்டது. பதினைந்தாவது மூட்டையில் சிரிப்பு, இருபதாவதில் பந்தயம். இருபத்தேழாவது மூட்டை விழுந்தபோது வண்டி பின்பக்கம் குந்தி, பிஸ்கட் கேட்கும் நாயைப்போல் மூக்கை உயர்த்தியது. "ஏம்மா மாக்ஸீன், அப்படியே நிலாவுக்குக் கெளம்பிட்டியா?" என்று கத்தினார் ஹார்லன். "போதும் டீச்சர், ஒத்துக்கிறேன். இன்னைக்காவது பாஸ் போட்டுடுங்க" என்று டாரல் கையெடுத்துக் கும்பிடாத குறை. அதே மூட்டைகளைக் கனரகத்துக்கு மாற்றி, அந்த இரண்டாயிரத்து முந்நூறுக்குச் சரியாக நாற்பத்தாறும் ஏற்றினோம். அது ஏதோ தூசி விழுந்ததுபோல் நின்றது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இதைக் கர்ட்டிடம் சொல்லாதே.

கனரகத்தை வாங்கிவிட்டேன். பச்சை நிறம். நான் தேர்ந்தெடுத்ததல்ல, அதுதான் இருந்தது.

உன் பக்கத்துக் கதவுக்கு ஹார்லன் ஒரு இரும்புப் படி பற்றவைத்துக் கொடுத்தார். தரையிலிருந்து பதினோரு அங்குலம். உன் மருத்துவர் அனுமதித்த உயரம் பன்னிரண்டு என்று கர்ட் சொல்லியிருந்தான். ஓர் அங்குலம் என் கணக்கில் குறைத்தேன். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் உன் இடத்தில் அமர்ந்து குதிரைகளை ஓட்டுவதாகவும் ஹார்லன் சொன்னார். பிஷப் அவர் தோளைக் கடித்துவிட்டது. பிஷப்பின் தீர்ப்பில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை.

வண்டியைப் பற்றி இன்னும் ஒன்று. காலியாக ஓட்டினால்தான் அது குதிக்கிறது. நேற்றுக் குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி, பக்கத்தில் ஹார்லனை அமர்த்தி ஜூடித் ஆறு வரை போய் வந்தோம். அதே சரளைக்கல் சாலையில் வெண்ணெய்போல் போனது. எடை சரியாக இருந்தது, ஆள்தான் சரியில்லை. போக வர நாற்பது மைல், அவர் ஒரு நிமிடம்கூட வாய் மூடவில்லை.

ஜூன் பத்தாம் தேதி மருத்துவர் உன்னைப் பார்த்ததும் எழுது. எந்த விமானம் என்று மட்டும் எழுதினால் போதும். பில்லிங்ஸ் விமான நிலையத்தில் வந்து நிற்பேன். உன் இடுப்பெலும்பு உன்னைவிட நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். தினமும் காலியாக ஓட்டி என் எலும்புகள்தான் நோகின்றன, ஓபல். வந்து ஏறு.

உன் அக்கா,
மாக்ஸீன்